பன்றிக்குழி நாலாம் நம்பர்

நான் பார்த்த வேலைகளில் உடம்புக்கு இதமாக இருந்தது பன்றி வேலை ஒன்றுதான். சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் முதலில் சிரித்தவன் என் மனைவியின் தம்பி தெயோபிலோ. அதிகமாகச் சிரித்தவனும் அவனே.

முப்பது வருஷம் மரம் இழுத்தவன் நான். மேட்டுக்காட்டில் வெட்டிய கட்டைகளை உருட்டி ஓடைவரை கொண்டுவரவேண்டும். வெள்ளம் ஏறியதும் அவற்றை மிதக்கவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே ஆற்றுவாய்க்குப் போகவேண்டும். முதலில் முதுகு போயிற்று. அப்புறம் வலது முட்டி. போன வருஷம் ஒரு கட்டையைப் புரட்டக் குனிந்தவன் நிமிர முடியாமல், நாலு காலில் தவழ்ந்து படகேறினேன். அதைப் பார்த்த என் மனைவி நேரிதா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. என் கோடாலியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆனால் யானாயாக்கு ஓடைக்கரையில் மரத்தை விட்டால் வேறு கூலி கிடையாது. தோட்டத்து மரவள்ளியும் வாழைக்காயும் வயிற்றுக்கு ஆகும். உப்புக்கும் சோப்புக்கும் என் முட்டி மாத்திரைக்கும் ஆகாது. கோடாலியைத் திருப்பிக் கேட்கத்தான் வேண்டியிருக்கும் என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தபோதுதான் ஸொராய்தா பினெதோ வந்தார்.

இக்கித்தோஸ் பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் தவளை ஆராய்ச்சி செய்கிறவர். ஊரில் எல்லாரும் அவரை டாக்டரம்மா என்றார்கள். காய்ச்சல் வந்தாலும் அவர் கூடாரத்து முன்னால்தான் போய் நின்றார்கள். தான் தவளை படித்தவள் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தவளையையே இவ்வளவு படித்தவருக்கு மனுஷனைப் பற்றி ஒன்றும் தெரியாமலா இருக்கும் என்பது எங்கள் ஊர் வாதம்.

அவர் தேடி வந்தது இதைத்தான். ஓடையில் முட்டையிட்டால் தவளைக்குஞ்சை, வால் வைத்த அந்தத் தலைப்பிரட்டையை, மீன் விடாது. அதனால் பல தவளைகள் மேட்டுக்காட்டில், மீன் ஏறி வரமுடியாத இடத்தில் தேங்கி நிற்கிற தண்ணீரைத் தேடிப் போகும். அந்தத் தண்ணீரை அங்கே உண்டாக்கி வைப்பது ஹுவாங்கானா. வாய் வெளுத்த காட்டுப்பன்றி. பெரிய மந்தையாகத் திரியும், வழியில் கிடைக்கிற சேற்றில் எல்லாம் புரளும். அத்தனை குளம்பும் மிதித்து மிதித்து அடிக் களிமண் சட்டிபோல இறுகிவிடும். மழை பெய்தால் அதில் மாசக்கணக்கில் தண்ணீர் நிற்கும்.

எங்கள் பக்கம் மந்தை வந்து பல வருஷம் ஆகிறது. ஹுவாங்கானா அப்படித்தான், ஒருநாள் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகும். பூமிக்குள் இறங்கிவிட்டது, கதவைத் திறக்கத் தெரிந்த மந்திரவாதி வந்தால்தான் வெளியே வரும் என்பார்கள் பழைய ஆட்கள். மிதிக்க யாரும் இல்லாத குழிகளில் வேர் ஓடி, அடி வெடித்து, தண்ணீர் இறங்கிவிட்டது. தவளைச் சத்தமும் அந்தப் பக்கம் நின்றுபோனது. பன்றி செய்ததை மனுஷன் செய்தால் குழி தண்ணீர் பிடிக்குமா, தவளை வருமா, வந்தால் அதன் குஞ்சுகள் கால் முளைத்துக் காட்டுக்குள் போகுமா என்று டாக்டரம்மா பார்க்க விரும்பினார். அதற்கு ஒரு மிதிக்கிற ஆள் வேண்டியிருந்தது.

தூக்கவேண்டாம், குனியவேண்டாம். நின்று மிதித்தால் போதும். நான் கையைத் தூக்கினேன்.

முதலில் திமிசுக் கட்டையால் இடித்துப் பார்த்தோம். காய்ந்ததும் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. ரப்பர் பூட்ஸ் போட்டு மிதித்தோம். சேறு பூட்ஸை வாங்கி வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தந்தது. டாக்டரம்மா மல்லாக்க விழுந்தார். அவரைத் தூக்கப்போய் நானும் விழுந்தேன். கடைசியில் வெறுங்கால்தான். ஒரு கன்றுமரத்தைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை முதலில் இறக்கி, மெள்ள மெள்ளச் சுற்றி வருவது. குளிர்ந்த களிமண் முட்டிவரை ஏறி இறுக்கிப் பிடிக்கும்போது, மாத்திரை செய்யாததை அது செய்தது. இதற்குப் போய் ஒரு மனுஷனுக்குக் கூலியும் கொடுக்கிறார்களே என்று முதல் வாரம் முழுக்க எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

நாலு குழிகள் எடுத்துக்கொண்டோம். நம்பர் பலகை எழுதியது நான். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன், அதனால் நாலும் மழைக்கு ஒதுங்குகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

தெயோபிலோவுக்கு இதெல்லாம் விருந்து. விடிகாலையில் நான் கிளம்பும்போது, தூண்மேல் நிற்கிற அவன் வீட்டு ஏணியில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மச்சான், மந்தை கெளம்பிருச்சா? வால மறந்துட்டுப் போறியே" என்பான். என் வாசலில் தினமும் வாழைப்பழத் தோல் கிடக்கும். தீவனமாம். நேரிதா அதைப் பெருக்கித் தள்ளிக்கொண்டே, "எந்தம்பி கொஞ்சம் வளர்றதுக்குள்ள நான் செத்துருவேன்" என்பாள். அவனுக்கு நாற்பது வயது.

டாக்டரம்மா ஊர்க் கூட்டத்தில் ஒரு விதி சொன்னார். குழியிலிருந்து யாரும் தண்ணீர் எடுக்கக்கூடாது, யாரும் ஊற்றவும் கூடாது. மழை கொடுப்பதுதான் கணக்கு. இன்னொன்றும் சொன்னார். அதை என்னிடம் மட்டும் சொன்னார். இந்த மழைக்காலத்தில் மிதித்த குழி ஒன்றிலிருந்தாவது குஞ்சுகள் வெளியேறாவிட்டால் பல்கலைக்கழகம் அடுத்த வருஷத்துக்குப் பணம் தராது. அவர் கூடாரத்தை மடித்துக்கொண்டு போகவேண்டியதுதான். நான் எங்கே போகவேண்டியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை. 

மழை வந்தது. ஒன்றாம் குழி கசிந்தது. இரண்டும் கசிந்தது. மூன்றாம் குழியின் மேல் ஒரு பெரிய மரம் வேரோடு விழுந்து அதை மூடிவிட்டது. நாலாம் நம்பர் மட்டும் நிறைந்து, நிறைந்தபடியே நின்றது.

அப்புறம் அங்கே நடந்ததை எல்லாம் நான் முப்பது வருஷம் அந்தக் காட்டிலேயே கிடந்தும் பார்த்ததில்லை. கட்டை இழுக்கிறவன் காலடியைத்தான் பார்ப்பான். கட்டைவிரல் நகம் பெரிசே இருக்கிற ஒரு பழுப்புத் தவளை, பொரிந்த குஞ்சுகளை முதுகில் ஒட்டவைத்துக்கொண்டு சருகுமேல் நடந்து வந்து, தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனது. அப்பன் தவளையாம் அது. இன்னொன்று கரையோரத்தில் காலால் நுரை கடைந்து அதற்குள் முட்டை வைத்தது. பச்சையாக, குச்சிக் கையோடு, அவசரமே தெரியாத இலைத்தவளை ஒன்று, தண்ணீருக்கு மேலே தொங்கிய இலையைப் பீடி சுருட்டுவதுபோல மடித்து அதற்குள் முட்டையிட்டு ஒட்டியது. குஞ்சு பொரிந்ததும் நேராகக் கீழே தண்ணீரில் சொட்டுமாம். ஒரே குழியில் இத்தனை விதமான குடித்தனமா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். டாக்டரம்மா ஒவ்வொன்றின் பேரையும் சொல்வார். மறுநாள் மறந்துவிடுவேன். திரும்பவும் சொல்வார்.

தண்ணீர் கறுப்பாகக் குஞ்சுகளால் நெளிந்துகொண்டிருந்த நேரத்தில் மழை நின்றது.

மழைக்காலத்து நடுவில் சில வருஷம் இப்படி ஒரு வெயில் வரும். ஆனால் அந்த வெயில் போகிற வழியாக இல்லை. குழி நடுவில் கோடு போட்ட குச்சி ஒன்று நட்டிருந்தோம். தண்ணீர் ஒரு கோடு இறங்கியது, இன்னொரு கோடு இறங்கியது. குஞ்சுகளுக்குப் பின்னங்கால்கூட வரவில்லை. ராத்திரி படுத்தால் கூரையில் மழை விழுகிறதா என்றே காது நிற்கும்.  நேரிதா முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போது வழக்கத்தைவிட அழுத்தித் தேய்ப்பாள்.

ஒரு காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் ஏறியிருந்தது.

மழை இல்லை. சருகு மொரமொரவென்று கிடந்தது. ஆனாலும் முந்தின நாள் வெளியே தெரிந்த கோடு இப்போது தண்ணீருக்குள் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மாவும் வந்துவிட்டார். குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தொன் அபெலினோ, நீங்க ஊத்துனீங்களா?" மரியாதைக்குப் போடுகிற 'தொன்'னை அப்போதும் அவர் விடவில்லை.

"இல்லம்மா."

"சரி" என்றார்.

அந்த 'சரி'யில் கோபம் இல்லை. நம்பிக்கையும் இல்லை. வேலை போய்விடும் என்று பயப்படுகிறவன் ஊற்றியிருந்தால் அவரால் புரிந்துகொள்ள முடியும், அவ்வளவுதான். தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு வந்தது என்று தெரியாவிட்டால் இந்தக் குழி சொல்கிற எதையும் யாரும் நம்பமாட்டார்கள், கணக்கிலிருந்து எடுத்துவிடவேண்டியதுதான் என்று மெள்ளச் சொன்னார். பிறகு குனிந்து தண்ணீரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். குஞ்சுகள் பாதிக்குமேல் காணோம். கறுப்பு நெளிவுக்கு நடுவே வெள்ளி ஊசிபோல எதுவோ பளிச் பளிச்சென்று திரும்பியது.

மீன். ஓடையில் ஓடுகிற பொடிமீன். ஓடையோ கீழே, நல்ல ஏற்றம் ஏறி வரவேண்டிய தூரம். தானாக வந்திருக்க வழியே இல்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்து மைதானத்துப் புல் செதுக்க ஊர் கூடி வேலை செய்கிற நாள். டாக்டரம்மாவும் கத்தி எடுத்துக்கொண்டு வந்திருந்தார், ஆனால் யாரோடும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் ஊரில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் காரணம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். முதல் இடைவேளையில் நேரிதா மரவள்ளிக் கள் சட்டியைக் கொண்டுவந்தாள். படகுக்கார ருப்பேர்த்தோ வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மழையே இல்லாம குழி ரொம்பிருச்சாமே, அபெலினோ. பன்னி நேத்து நெறய குடிச்சுச்சோ?"

மைதானமே சிரித்தது. சின்னப் பிள்ளைகள்கூட. நான் தலையைக் குனிந்துகொண்டு கத்தியைத் தீட்டினேன். வேலை போவது ஒன்று. ஏமாற்றினவன் என்ற பேரோடு போவது இன்னொன்று. சிரிப்பு அடங்கினபோதுதான் கவனித்தேன், தெயோபிலோவின் சிரிப்பு அதில் இல்லை. இப்படி ஒரு பேச்சை அவன் விட்டுவைக்கிறவனே இல்லை. எழுந்து நின்றான், தலையைச் சொறிந்தான், திரும்ப உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"அவன் ஊத்தல" என்றான். "நான்தான் ஊத்துனேன்."

யாருக்கும் புரியவில்லை. டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"மழ வர்ல. சரி, நாம கொண்டுபோய்க் குடுப்போம்னு கொண்டுபோனேன். ஓடைல ஓடறதும் மழத்தண்ணிதான டாக்டரம்மா? மேல வுழுறது கீழ வருது. கீழ வந்தத நான் மேல கொண்டுபோனேன். அவ்ளோதான்."

மீன் வந்ததே என்று டாக்டரம்மா கேட்டார். இருட்டில் மொண்டதால் பார்க்கவில்லை என்றான். எந்தெந்த நாள், எவ்வளவு என்று கேட்டார். எதில் மொண்டான், பெட்ரோல் கேனா, கழுவினதா என்றும் கேட்டார். சமையல் எண்ணெய் கேன்தான், அவன் மனைவி சாம்பல் போட்டுக் கழுவினது. முந்தாநாள் விடிகாலையில் ஒரு கேன், நேற்று விடிகாலையில் ஒன்று, இன்றைக்கு இரண்டு. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, அப்போது அவன் பெரிய ஏரிக்கு மீன்பிடிக்கப் போயிருந்தான். டாக்டரம்மா விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அவன் ஊரில் இல்லாத நாட்களில் குச்சியில் தண்ணீர் இறங்கினது மிகவும் கொஞ்சம். வெயிலுக்குப் போனதுதான், அடியில் கசிந்து போகவில்லை.

"ஊத்துனது இவ்வளவுன்னு தெரிஞ்சா கழிச்சுக்கலாம், தெயோபிலோ. தெரியாமப் போயிருந்தாத்தான் எல்லாம் போயிருக்கும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும், "உங்க வார்த்தைய நான் அப்பவே எடுத்திருக்கணும், தொன் அபெலினோ. மன்னிச்சுக்கங்க" என்றார்.  கத்தி நன்றாகத் தீட்டியாகிவிட்டது என்று சொன்னேன்.

ருப்பேர்த்தோ விடவில்லை. "ஏண்டா, தெனமும் அவன் வாசல்ல தோல போடறவன் நீ. உனக்கு எதுக்குடா இந்தத் தண்ணி தூக்கற வேல?"

தெயோபிலோவுக்குக் காது சிவந்துவிட்டது. திருடினான் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்கமாட்டான். "குழி காஞ்சா இவன் திரும்பக் கட்ட இழுக்கப் போவான். இவன் முதுகு நட்டுக்கிட்டா எங்கக்கா என் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பா. அவ வாயில நாலு கேன் தண்ணி ஊத்துனாலும் அடங்குமா?" என்றான்.

அதற்கும் மைதானம் சிரித்தது. நேரிதா சிரிக்கவில்லை. சட்டியை விளிம்புவரை நிரப்பித் தம்பியின் கையில் கொடுத்தாள். அவன் பாதியில் கீழே வைக்கப்போனான். அவள் சட்டியின் அடியில் கையை வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். முழுக்கக் குடித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

மத்தியானமே எங்கள் கொசுவலையை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனோம். நேரிதா ஒரு முனை, நான் ஒரு முனை. சேறு கலங்காமல் இழுத்து இழுத்து மீன்களை அரித்தோம். குஞ்சுகள் அநேகமாக ஒன்றும் மிச்சம் இல்லை. ஒரே ஒரு மீன் மட்டும் வலைக்குச் சிக்காமல் கரை வேருக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதைப் பிடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று தெயோபிலோ உட்கார்ந்துவிட்டான். ஒரு குண்டூசியை வளைத்து, கறையான் குத்தி, பொழுது சாய்கிறவரை அசையாமல் இருந்து பிடித்தான். பதினைந்து கிலோ கெளுத்தி பிடித்தவன் அவன். அந்தப் பொடிமீனைத்தான் உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினான்.

குழி சுத்தமாகிவிட்டது, காலியாகவும் ஆகிவிட்டது. நான் கன்றுமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் சரியாகித்தான் என்ன, வெளியேறிப் போக ஒரு குஞ்சும் இல்லையே என்று நினைத்தேன். டாக்டரம்மா என் தோளைத் தொட்டு மேலே காட்டினார்.

மடித்த இலைகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. மீனுக்கு எட்டாத உயரத்தில், இலைக்குள் பசைபோட்டு ஒட்டி, உள்ளே முட்டைகள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சின்னக் கண் அசைந்தது. அந்த அவசரமே இல்லாத பச்சைத் தவளையை, சோம்பேறி என்று நானே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். இனி அதன் பேரை மட்டுமாவது மறக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலையில் தெயோபிலோ வீட்டு ஏணியடியில் வாழைப்பழத் தோல் கிடந்தது. போட்டது நான். அவன் வெளியே வந்து பார்த்தான், தோலை எடுத்து வேலிக்கு அப்பால் வீசினான், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு என் பின்னால் நடந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் இடி இடித்தது. மழை இலைகளை அடித்து உலுக்கியபோது குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டின. சத்தம் கேட்காது, கேட்டதுபோல இருந்தது. அதற்கப்புறம் வானம் ஏமாற்றவில்லை. நுரைக்காரர்களும் திரும்ப வந்தார்கள். முதுகில் சுமக்கிற அப்பனும் வந்தான்.

வாரங்கள் போயின. நானும் தெயோபிலோவும் ஒன்றாம், இரண்டாம் குழிகளைப் புதிதாக மிதித்துக்கொண்டிருந்தோம். ஒத்தைப் பன்றி மந்தையாகிவிட்டது என்று ருப்பேர்த்தோ சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. என் உடம்பில் மிச்சமிருந்த பலத்துக்கு ஏற்ற ஒரு வேலை பூமியில் இருந்திருக்கிறது, அது என்னைத் தேடி எங்கள் ஓடைக்கே வந்திருக்கிறது, அது போகவிருந்தபோது போகவிடாமல் இருட்டில் கேன் தூக்க ஒருத்தன் இருந்திருக்கிறான். இதில் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை.

ஒரு காலையில் நாலாம் குழிக்கரையில் நின்று குச்சியின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலது பாதத்தில் ஏதோ சில்லென்று ஒட்டியது. பச்சைப் பட்டாணி அளவு. நாலு காலும் இருந்தது, பின்னால் வால் இன்னும் ஒரு நூல் மிச்சம் இருந்தது. தண்ணீரிலிருந்து வெளியே வந்து அது முதலில் ஏறினது என் கால்மேல். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாவைக் கூப்பிடவேண்டும், ஆனால் வாயைத் திறந்தால் பயந்துவிடுமோ என்று தோன்றியது.

"என்ன மச்சான், வேர் விட்டுட்டியா?" என்றான் தெயோபிலோ பக்கத்துக் குழிக்குள்ளிருந்து.  அவன் நடந்து வந்து என் பாதத்தைப் பார்த்தான். பிறகு அவனும் அசையவில்லை.

முட்டி விண்விண்ணென்று தெறித்தது. தெறிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது கணுக்காலில் இருந்த சேற்றின்மேல் ஒரு தடவை நகர்ந்து, கொஞ்சம் யோசித்து, ஒரு சருகுக்குத் தாவி, சருகிலிருந்து காட்டுக்குள் போயிற்று. போன திசையையே நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.